ஆறும் கடலும் நிலத்தை அரிப்பதும் ஆக்குவதும்: காவிரி முதல் மெரினா வரை

கேள்வி இரண்டு பகுதிகளாக வந்திருக்கிறது. ஒரே ஆறு ஓரிடத்தில் கரையைத் தின்றுவிட்டு இன்னோரிடத்தில் புது நிலத்தை உண்டாக்குவது எப்படி என்பது முதற்பகுதி. சென்னையில் மெரினா அவ்வளவு அகலமாகக் கிடக்க, துறைமுகத்துக்கு வடக்கே இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர், எண்ணூர் வரை கடல் ஊருக்குள் வந்துகொண்டிருப்பது ஏன் என்பது இரண்டாம் பகுதி. தனித்தனிக் கேள்விகள் போலத் தோன்றினாலும் இரண்டுக்கும் விடை ஒன்றே: மணல் எங்கிருந்து புறப்படுகிறது, எங்கே தங்குகிறது, எங்கே தடுக்கப்படுகிறது என்று பார்த்தால் இரண்டும் சேர்ந்தே விளங்கும். நமக்கு நன்கு தெரிந்த காவிரியையும் சோழமண்டலக் கரையையும் வைத்தே இதை விளக்குகிறேன்.

ஓடும் நீருக்கு ஒரு குறிப்பிட்ட அளவு சுமக்கும் திறன் உண்டு. சரிவும் வேகமும் நீரின் அளவும் சேர்ந்து அந்தத் திறனைத் தீர்மானிக்கின்றன. சுமக்கும் திறனைவிடக் கையிலிருக்கும் சுமை குறைவாக இருந்தால், எஞ்சிய ஆற்றலைக் கொண்டு நீர் தன் படுக்கையையும் கரையையும் அரித்துச் சுமையைச் சேர்த்துக்கொள்கிறது. வேகம் குறைந்து சுமை மிகுந்துவிட்டால் கொண்டுவந்ததை அங்கேயே இறக்கிவைக்கிறது. அரிப்பும் படிவும் வேறு வேறு செயல்கள் அல்ல, ஒரே கணக்கின் வரவும் செலவும்தான். இந்தக் கணக்கில் வேகத்துக்கு இருக்கும் செல்வாக்கு நாம் நினைப்பதைவிடப் பன்மடங்கு பெரியது: நீரின் வேகம் இரு மடங்கானால் அது உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை ஏறத்தாழ 64 மடங்காகிறது. வெள்ளம் வந்த ஒரே இரவில் ஆற்றின் போக்கே மாறிப்போவதற்கும், ஆண்டு முழுவதும் கணுக்கால் அளவுத் தண்ணீர் ஓடியும் ஒரு கூழாங்கல்கூட நகராமல் கிடப்பதற்கும் இதுவே காரணம். ஆற்றின் வேலையில் பெரும்பகுதி ஆண்டின் சில நாட்களில் நடந்து முடிந்துவிடுகிறது.

காவிரி குடகு மலையில் தலைக்காவிரியில் தோன்றி ஏறத்தாழ 800 கிலோமீட்டர் ஓடிப் பூம்புகாரில் கடலை அடைகிறது. மலைப்பகுதியில் அதன் வேலை பெரும்பாலும் வெட்டுவதுதான். ஆனால் வெறும் தண்ணீர் பாறையை வெட்டிவிடுவதில்லை. முதலில் வெயிலும் மழையும் மரவேர்களும் பாறையை உளுத்துப்போகச் செய்கின்றன. உதிர்ந்த துண்டுகள் ஆற்றில் விழுகின்றன. அந்தத் துண்டுகளையே கருவியாகக் கொண்டு ஆறு தன் படுக்கையைத் தேய்க்கிறது. சிவசமுத்திரத்தில் காவிரி இரண்டாகப் பிரிந்து விழும் அருவிகளில் பெரியது 90 மீட்டருக்கும் மேல் உயரமுள்ளது. அந்த வீழ்ச்சியின் விசையைக் கொண்டுதான் 1902-இலேயே அங்கு மின்சாரம் எடுத்துக் கோலார் தங்கவயலுக்கு அனுப்பினார்கள். அருவியின் அடியில் விழும் நீர் அடிப்பாறையைக் குடைய, மேற்பாறை பிடிமானமிழந்து சரிய, அருவி மெல்லமெல்ல ஆற்றின் மேல்நோக்கிப் பின்வாங்குகிறது. பின்வாங்கிய வழியெல்லாம் ஆழ்ந்த பள்ளத்தாக்காக நிற்கிறது.

ஒகேனக்கல்லுக்குச் சென்றவர்கள் பரிசலில் போகும்போது இருபுறமும் நிற்கும் பாறைச்சுவர்களைப் பார்த்திருப்பார்கள். தண்ணீர் வற்றிய கோடையில் போனால் அவற்றைவிட அருமையான ஒன்றைப் பாறைப் படுக்கையிலேயே காணலாம். கடைந்தெடுத்தது போன்ற வட்டக் குழிகள் இருக்கும். சிலவற்றில் கையை விட்டால் அடியில் உருண்டையான சில கற்கள் தட்டுப்படும். குழியைக் கடைந்தவை அந்தக் கற்கள்தாம். பாறையில் இருந்த சிறு பள்ளத்தில் ஒரு கல் சிக்கிக்கொள்ள, மேலே சுழித்தோடும் நீர் அதை ஆட்டுக்கல்லுக்குள் குழவியைச் சுழற்றுவது போலச் சுழற்ற, கல்லும் தேய்கிறது, குழியும் ஆழமாகிறது. பக்கத்துப் பக்கத்துக் குழிகள் வளர்ந்து ஒன்றோடொன்று சேரும்போது அது ஓடையாகிறது. பாறையை ஆறு வெட்டுகிறது என்ற பேச்சுக்கு என்ன பொருள் என்று கேட்பவர்களை நான் அந்தக் குழிகளுக்கே அனுப்புவேன்.

மலையிலிருந்து இறங்கும் சுமை ஒரே மாதிரியானதன்று. பெருங்கற்கள் படுக்கையில் உருண்டு வருகின்றன. மணல் துள்ளித்துள்ளி வருகிறது. வண்டலும் களிமண்ணும் நீரில் கலங்கி மிதந்து வருகின்றன. சுண்ணாம்பு, உப்பு போன்றவை கரைந்தே வந்துவிடுகின்றன. இவற்றில் எது எளிதில் அரிக்கப்படும் என்று கேட்டால், மிக நுண்ணியதுதான் என்று எல்லாரும் சொல்வார்கள். உண்மை அப்படியில்லை. சுவீடன் நாட்டு அறிஞர் பிலிப் யூல்ஸ்ட்ரோம் 1935-இல் வரைந்து காட்டிய வரைபடத்தின்படி மிக எளிதாகக் கிளம்பி ஓடுவது மணல். கூழாங்கல்லை நகர்த்த அதிக வேகம் வேண்டும் என்பது எதிர்பார்த்ததே, ஆனால் படிந்து இறுகிய களிமண்ணைக் கிளப்பவும் அதே அளவு வேகம் வேண்டியிருக்கிறது. களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதே காரணம். அதே களிமண் ஒருமுறை கிளம்பிவிட்டால், மிக மெதுவாக ஓடும் நீரிலும் கீழே இறங்காமல் நெடுந்தொலைவு போகும். களிமண் கரை நெடுநாள் தாக்குப்பிடித்து நிற்பதும், மணற்கரை ஒரே வெள்ளத்தில் போய்விடுவதும் இதனால்தான்.

ஆறு சமவெளிக்கு வந்ததும் நேராக ஓட மறுக்கிறது. வளைவின் வெளிப்புறக் கரை செங்குத்தாக அறுபடுகிறது, உட்புறத்தில் மணல்திட்டு வளர்கிறது. வெளிப்புறத்தில் வேகம் அதிகம், அதனால் அரிப்பு அதிகம் என்று பள்ளிப் புத்தகங்கள் சொல்லி நிறுத்திக்கொள்ளும். அது சரிதான், ஆனால் பாதி விளக்கம். வெளிக்கரையில் அறுத்த மண் ஏன் உள்கரையை நோக்கிப் போகிறது என்பதை ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் 1926-இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில் தேநீர்க் கோப்பையைக் கொண்டு விளக்கினார். தூள் அடியில் கிடக்கும் தேநீரைக் கரண்டியால் சுழற்றிவிட்டுப் பாருங்கள். சுழற்சியின் விசையால் தூள் விளிம்புக்குத்தான் போயிருக்க வேண்டும். ஆனால் அது அடியின் நடுவில் குவிகிறது. கோப்பையின் அடியில் உராய்வினால் நீரின் சுழற்சி தளர்ந்துவிட, மேல்நீர் விளிம்பை நோக்கித் தள்ளப்பட்டுச் சுவரோரமாகக் கீழே இறங்கி அடியில் நடுவை நோக்கி வருகிறது. வரும்போது தூளையும் அள்ளி வருகிறது. ஆற்று வளைவிலும் இதுவே நடக்கிறது. மேல்நீர் வெளிக்கரையில் மோதிக் கீழிறங்கி அதன் காலடியைப் பறிக்கிறது. அடிநீர் பறித்த மணலை உள்கரையை நோக்கி இழுத்துப் போகிறது. அதனால் வளைவு மேலும் வளைகிறது. வளைந்து வளைந்து இரு முனைகளும் நெருங்கிவிட்டால், ஒரு வெள்ளத்தில் இடைப்பட்ட கழுத்தை ஆறு அறுத்துக்கொண்டு நேராகப் போய்விடும். பழைய வளைவு குதிரை லாட வடிவில் ஏரியாக நின்றுவிடும்.

உட்புறத்தில் இப்படிச் சேரும் நிலத்துக்குக் காவிரிக் கரையில் படுகை என்று பெயர். வாழையும் வெற்றிலையும் படுகையில் செழிப்பதற்கு மணலும் வண்டலும் கலந்த அந்த மண்ணே காரணம்: ஈரம் இருக்கும், தண்ணீர் தேங்காது. ஆற்றின் கொடை என்று அதைப் போற்றுவது சரியே, ஆனால் எதிர்க்கரையில் யாரோ ஒருவருடைய நிலம் அந்த அளவுக்குக் குறைந்திருக்கிறது என்பதும் அதே அளவுக்கு உண்மை.

இனித் திருச்சிக்கு வருவோம், ஏனென்றால் அரிப்பும் படிவும் சேர்ந்து ஒரு நாட்டின் வரலாற்றையே ஆட்டிவைத்த இடம் அது. முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடகிளை கொள்ளிடம், தென்கிளை காவிரி என்ற பெயரையே வைத்துக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவில் திருவரங்கத் தீவு. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கிழக்கே கல்லணை அருகில் இரண்டும் மீண்டும் ஒன்றையொன்று தொடுமளவுக்கு நெருங்கி, பிறகு தனித்தனியே போகின்றன. கொள்ளிடம் தாழ்வானது, நேரானது, சரிவு மிகுந்தது. காவிரியோ மேட்டில், சரிவு குறைந்த வழியில் போவது. சரிவு குறைந்தால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் மணல் தங்கும். மணல் தங்கினால் படுக்கை உயரும். படுக்கை உயர்ந்தால் பிரியும் இடத்தில் தண்ணீர் இன்னும் குறைவாக உள்ளே வரும். தண்ணீர் குறைந்தால் மேலும் மணல் தங்கும். தலைப்பில், அதாவது கிளை பிரியும் இடத்தில், தொடங்கிய சிறு மேடு தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் நோயாகிவிடுகிறது. அப்படியே விட்டிருந்தால் காவிரி முழுவதும் கொள்ளிடத்தில் இறங்கித் தஞ்சை வறண்டிருக்கும்.

கரிகாலன் கட்டியதாக மரபு சொல்லும் கல்லணை இந்த இடத்தில் நிற்பது தற்செயல் அன்று. காவிரியிலிருந்து கொள்ளிடத்துக்கு வழிந்துவிடத் துடிக்கும் தண்ணீரைத் தடுத்துத் தென்கிளைகளுக்குத் திருப்புவதே அதன் வேலை. வெள்ளக் காலத்தில் மிகையான நீர் கொள்ளிடத்துக்குப் போகவும் வழி வேண்டும். தண்ணீரைச் சேர்த்துவைப்பதற்காகக் கட்டிய அணை அது அன்று. மணலை என்ன செய்வது என்ற சிக்கல் ஆங்கிலேயர் காலம்வரை தொடர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரிப் படுக்கை மேடிட்டுத் தஞ்சைப் பாசனம் குன்றியபோது, ஆர்தர் காட்டன் 1836-இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். கீழே அணைக்கரையில் கீழணையும் அதே காலத்தது. ஆழங்காண முடியாத மணலில் எப்படி அடித்தளம் போடுவது என்பதைக் கல்லணையைக் கட்டியவர்களிடமிருந்தே கற்றோம் என்று அவரே எழுதியிருக்கிறார். பிறகு நடந்ததுதான் வேடிக்கை. மேலணை நினைத்ததைவிட நன்றாக வேலை செய்துவிட்டது. காவிரிக்குள் தண்ணீர் அளவுக்கு மீறிப் பாய, வேகம் கூடிப் படுக்கை அரிபடத் தொடங்கியது. சில ஆண்டுகளில் காவிரியின் தலைப்பிலும் ஒரு தடுப்பு கட்ட வேண்டியதாயிற்று. படிவு நோய்க்குக் கொடுத்த மருந்து அரிப்பு நோயை உண்டாக்கியது. ஆற்றில் எதைத் தொட்டாலும் இன்னோர் இடத்தில் பதில் வரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

கல்லணைக்குக் கீழே உள்ளது முழுக்க முழுக்க ஆறு உண்டாக்கிய நிலம். கல்லணையிலிருந்து கடல்வரை நிலம் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூடத் தாழ்வதில்லை. இந்தச் சமதளத்தில் ஒரே ஆறாக ஓட முடியாமல் வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன், வெட்டாறு, கோரையாறு எனக் காவிரி விரிகிறது. இவற்றுள் சில மனிதர் வெட்டியவை அல்லது வெட்டித் திருத்தியவை, பெயரே காட்டிக்கொடுக்கிறது. ஆறு கரைமீறும்போது என்ன நடக்கிறது என்று கவனித்தால் டெல்டாவின் அமைப்பு புரியும். கரையைத் தாண்டிய நொடியிலேயே நீரின் வேகம் விழுந்துவிடுகிறது. கனமான மணல் கரையோரத்திலேயே தங்கிவிட, நுண்ணிய சேறு மட்டும் தொலைவுக்குப் போய்ப் பள்ளத்தில் படிகிறது. நூற்றாண்டுக் கணக்கில் இது நடக்க, ஆற்றோரம் மேடாகவும் ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலம் தாழ்வாகவும் ஆகிவிடுகின்றன. வழக்கமாக ஆறு பள்ளத்தில் ஓடும், வயல் மேட்டில் இருக்கும். தஞ்சையில் ஆறு மேட்டில் ஓடுகிறது, வயல் பள்ளத்தில் இருக்கிறது. ஏற்றமோ இயந்திரமோ இல்லாமல் ஒரு மதகைத் திறந்தால் வாய்க்கால் வழியே தண்ணீர் தானே வயலுக்கு இறங்குவது இதனால்தான். கரையோர மேட்டில் ஊரும் தென்னையும் இருப்பதும், பள்ளத்துக் களியில் நெல் இருப்பதும், இரண்டு ஆறுகளுக்கு நடுவில் வடிகால் ஓடுவதும் ஆறு வகுத்துக் கொடுத்த ஒழுங்கே.

மேட்டில் ஓடும் ஆறு எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்துவிடக் காத்திருக்கிறது. கரை உடைந்தால் தாழ்ந்த பக்கத்தில் புது வழி கண்டு, பழைய வழியைக் கைவிட்டுவிடும். பீகாரில் கோசி ஆறு இருநூறு ஆண்டுகளில் நூறு கிலோமீட்டருக்கும் மேல் மேற்கே நகர்ந்ததும், 2008 ஆகஸ்டில் நேபாளப் பகுதியிலுள்ள குசஹாவில் கரையை உடைத்துக்கொண்டு பழைய தடங்களில் புகுந்ததும் இந்த வகை. நம் பக்கத்தில் பாலாறு ஒரு காலத்தில் வடகிழக்கே கொற்றலையாற்று வழியாகப் போயிருக்கிறது. கொற்றலையாற்றுக்கு விருத்தக்ஷீர நதி, அதாவது பழைய பாலாறு என்ற பெயர் இருந்ததை நினைத்துப் பார்க்கலாம்.

ஆறு கடலைத் தொடும் இடத்தில் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. வேகம் முற்றிலும் தளர்ந்து மணல் முகத்துவாரத்திலேயே விழுகிறது என்பது ஒன்று. மற்றது கண்ணுக்குத் தெரியாதது. களிமண் துகள்கள் மேல் ஒரே வகை மின்னூட்டம் இருப்பதால் நன்னீரில் அவை ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதக்கின்றன. கடல்நீரின் உப்பு அந்த மின்னூட்டத்தைத் தணித்துவிட, துகள்கள் ஒட்டித் திரண்டு கனமாகிக் கீழே இறங்குகின்றன. கலங்கல் நீரில் தேற்றாங்கொட்டையை உரசினால் சேறு திரண்டு அடியில் தங்கித் தண்ணீர் தெளிவதை வீட்டில் பார்த்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. இப்படிப் படிந்த சேற்றில்தான் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே பிச்சாவரத்தின் அலையாத்திக் காடு வேரூன்றியிருக்கிறது. வேரூன்றிய பிறகு அந்த வேர்களே நீரைத் தளரச் செய்து மேலும் சேற்றைப் பிடிக்கின்றன.

ஆறு கொடுப்பது கூடுதலாக இருந்து கடல் எடுப்பது குறைவாக இருந்தால் நிலம் கடலுக்குள் வளரும். சங்க காலத்தில் முத்துக்குப் பெயர்பெற்ற துறைமுகமாக இருந்த கொற்கை இன்று கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே வயல்களுக்கு நடுவே ஒரு சிற்றூர். தாமிரபரணியின் வண்டல் முகத்துவாரத்தைத் தூர்த்துக்கொண்டே வர, துறைமுகம் கொற்கையிலிருந்து காயலுக்கு இடம்பெயர்ந்தது. பிறகு காயலும் கைவிடப்பட்டுப் பழையகாயல் ஆயிற்று. வணிகம் தூத்துக்குடிக்குப் போனது. திருநெல்வேலி வரலாற்றை எழுதிய கால்டுவெல் இதை நிலத்தில் நடந்து பார்த்தே விளக்கினார். அதே கரையில் வடக்கே காவிரிப்பூம்பட்டினத்தின் கதை நேர்மாறானது. அங்கு நிலத்தைக் கடல் எடுத்துக்கொண்டது. பூம்புகாருக்கு அருகே கீழையூரில் அகழ்ந்தபோது செங்கல்லால் கட்டிய படகுத்துறை கிடைத்தது. இன்றைய பூம்புகாரில் காவிரி கடலில் கலக்கும்போது அகலமான வாய்க்கால் அளவுக்கே இருக்கிறது. நீரும் மணலும் கொள்ளிடத்துக்கும் தென்கிளைகளுக்கும் போய்விட்ட ஒரு முகத்துவாரம் அலையை எதிர்த்து நெடுநாள் நிற்க முடியாது. ஒரே இரவில் கடல் கொண்டது என்ற கதை எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும், மெல்லமெல்ல நடந்த இந்த இழப்புக்கும் அதில் பெரிய பங்கு இருந்திருக்கும் என்பதே என் எண்ணம்.

கடலின் வேலைமுறை வேறு. ஆற்றுக்கு ஒரே திசை. கடலுக்குப் போவதும் வருவதும் உண்டு. பாறைக் கரையில் அலை மோதும்போது விரிசலுக்குள் சிக்கிய காற்று அழுத்தப்பட்டு, அலை விலகும்போது சட்டென்று விரிந்து பாறையைப் பிளக்கிறது. முட்டத்திலோ கன்னியாகுமரியிலோ கேட்கும் அந்தக் குமுறல் ஓசை பெரும்பாலும் இந்தக் காற்றினுடையதே. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளில் அலைகள் வளைந்து வந்து குவிவதால் அவை அதிகம் தேய்கின்றன. இடைப்பட்ட குடாவில் அலை பரந்து தளர்வதால் மணல் சேர்கிறது. ஆனால் சோழமண்டலக் கரை பெரும்பகுதி மணற்கரை. இங்கு மணல் இரண்டு விதமாக நகர்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றோடு வரும் உயர்ந்த அலைகள் கரை மணலை இழுத்துச் சென்று சற்றுத் தொலைவில் நீருக்கடியில் மேடாகப் போட்டுவைக்கின்றன. கோடையின் சாதுவான அலைகள் அதைத் திரும்பக் கரைக்குக் கொண்டுவருகின்றன. மழைக்காலத்தில் கரை ஒடுங்குவதைக் கண்டதும் கடல் அரிப்பு என்று அலறத் தேவையில்லை. போனது கோடையில் திரும்பி வருகிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

இரண்டாவது நகர்வு கரையை ஒட்டியே நடப்பது. சென்னையின் கதைக்கு இதுதான் திறவுகோல். அலை கரைக்கு நேராக வராமல் சாய்வாக வந்து ஏறும். இறங்கும்போது சரிவின் போக்கில் நேராக இறங்கும். ஒவ்வோர் அலையிலும் மணல்துகள் ஒரு சிறு ரம்பப்பல் வரைந்து கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்துவிடுகிறது. ஆண்டில் ஏறத்தாழ எட்டு மாதம் தெற்கு, தென்கிழக்கிலிருந்து வரும் அலைகள் மணலை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவக்காற்றின் சில மாதங்களில் அது தெற்கே திரும்புகிறது. கூட்டிக் கழித்தால் ஆண்டுதோறும் பல லட்சம் கன மீட்டர் மணல் வடக்கு நோக்கிப் போகிறது. கடற்கரை நின்றுகொண்டிருப்பது போலத் தெரிந்தாலும் அது மெதுவாக ஓடும் மணலாறு.

அந்த ஆற்றின் குறுக்கே 1876-இல் சென்னைத் துறைமுகத்தின் கல்தடுப்புகள் எழத் தொடங்கின. அதுவரை புனித ஜார்ஜ் கோட்டைக்கு மிக அருகில் அலையடித்துக்கொண்டிருந்தது. 1881-இன் புயல் கட்டிக்கொண்டிருந்ததைச் சிதைத்தது, மீண்டும் கட்டினார்கள். தெற்கிலிருந்து வந்த மணல் தடுப்பில் முட்டி நின்று குவியத் தொடங்க, அங்கே புதிதாக விரிந்த கரையில்தான் 1884-இல் ஆளுநர் கிராண்ட் டஃப் உலாவும் சாலை அமைத்து மெரினா என்று பெயரிட்டார். இன்று சாலையிலிருந்து தண்ணீர் வரை சில இடங்களில் 300 மீட்டருக்கு மேல் நடக்க வேண்டியிருக்கிறது. மணல் அத்துடனும் நிற்கவில்லை. கிழக்கு நோக்கியிருந்த துறைமுக வாயிலைச் சுற்றி வந்து தூர்க்கத் தொடங்கியதால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த வாயிலை அடைத்து வடகிழக்கில் புதிய வாயில் வைக்க நேர்ந்தது.

வடக்கே நடந்தது இதன் மறுபக்கம். இராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் தெற்கிலிருந்து வந்துகொண்டிருந்த மணல் நின்றுவிட்டது. ஆனால் அங்கிருந்து எண்ணூர்ப் பக்கம் மணலை எடுத்துப்போகும் அலை நிற்கவில்லை. வரவு நின்று செலவு தொடர்ந்தால் கைமுதல் கரைந்துபோகும். வடசென்னையின் கடல் சென்னையின் மற்றக் கடலைவிடக் கொடியது அன்று. அதற்கு வரவேண்டிய மணல் மெரினாவில் கிடக்கிறது. இதை நான் மீனவர் குப்பங்களில் சொன்னபோது யாரும் வியப்படைந்ததில்லை. தடுப்புக்குத் தெற்கே மேடு, வடக்கே பள்ளம் என்பது கடலோரத்தில் பிறந்தவர்கள் அறிந்ததே. புதுச்சேரியிலும் 1980-களின் இறுதியில் துறைமுகம் வந்தபின் நகரின் மணற்கரை மறைந்து வெறும் கருங்கல் மட்டும் நின்றது இதே காரணத்தால்தான்.

அரிப்பைத் தடுக்கப் பொதுவாகச் செய்பவை இரண்டு. கருங்கல்லைக் கொட்டிச் சுவர் எழுப்புவது பின்னாலிருக்கும் சாலையையும் வீட்டையும் காக்கும். ஆனால் அலை கல்லில் மோதித் திரும்பும் வேகத்தில் முன்னாலிருக்கும் மிச்ச மணலையும் பறித்துவிடும். வள்ளம் ஏற்றவும் வலை உலர்த்தவும் இடம் போய்விடும். தூண்டில் வளைவு என்று நம் அரசு ஆவணங்கள் சொல்லும் குறுந்தடுப்புகள் தமக்குத் தெற்கே கொஞ்சம் மணலைப் பிடித்துத் தரும். அந்த மணல் வடக்கே அடுத்த குப்பத்துக்குப் போயிருக்க வேண்டியது. அடுத்த குப்பத்தார் தங்களுக்கும் ஒரு தூண்டில் வளைவு கேட்பது நியாயமே; அப்படியே கோரிக்கையும் அரிப்பும் ஒன்றாக வடக்கே நகர்கின்றன. மணலுக்கு மணலையே கொடுப்பதுதான் மேலானது என்பது என் கருத்து: தடுப்பின் தெற்கே குவிவதை எடுத்து வடக்கே கொட்டுவது, அல்லது புதுச்சேரியில் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் செய்தது போல நீருக்கடியில் திட்டமைத்து அலையைத் தளரச் செய்து மணலைத் தங்க விடுவது. முன்னது செலவு ஓயாத வேலை. ஆனால் துறைமுகம் இருக்கும்வரை அதன் கடமையும் இருக்கிறது.

கரையில் என்ன செய்தாலும், ஆற்றிலிருந்து மணல் வருவது நின்றுபோனால் கணக்கு நேராகாது. கிருஷ்ணராஜ சாகர் 1930-களின் தொடக்கத்திலும் மேட்டூர் 1934-இலும் நிறைவடைந்தன. அணைக்குள் நுழைந்ததும் நீரின் வேகம் அற்றுப்போவதால், மலை அனுப்பிய மணலும் வண்டலும் நீர்த்தேக்கத்தின் அடியிலேயே தங்கிவிடுகின்றன. மேட்டூருக்குக் கீழே வருவது சுமையிறக்கிய நீர்; தொடக்கத்தில் சொன்ன கணக்கின்படி அது கீழே கிடைக்கும் இடத்தில் மண்ணை அரித்துத்தான் தன் சுமையை நிரப்பிக்கொள்ளும். அத்தோடு, படுக்கையில் எஞ்சிய மணலைக் கட்டுமானத்துக்காக அள்ளியதில் ஆற்றின் மட்டமே பல இடங்களில் தாழ்ந்துவிட்டது. வாய்க்காலின் தலைமதகு ஆற்றுமட்டத்துக்கு மேலே நிற்க, ஆற்றில் தண்ணீர் ஓடியும் வாய்க்காலில் ஏறாத நிலையைக் காவிரிக் கரை உழவர்கள் கண்டிருக்கிறார்கள். 2018 ஆகஸ்டில் பெருவெள்ளத்தின்போது முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. திருச்சியில் கொள்ளிடத்தின் பழைய பாலத்தின் தூண்களும் அதே வெள்ளத்தில் சரிந்தன. கட்டடத்தின் வயது உட்படக் காரணங்கள் பல கூறப்பட்டன. ஆனால் தூணின் காலடியில் மணல் மட்டம் தாழ்ந்தால் வெள்ளம் அடித்தளத்தைப் பறிப்பது எளிதாகிறது என்பதில் ஐயமில்லை.

உங்கள் கரை இப்போது இழக்கிறதா, பெறுகிறதா என்பதைக் கருவியின்றியே ஓரளவு பார்க்கலாம். கார்த்திகை மாதத்தில் ஒரு புயல் ஓய்ந்த மறுநாள் காலை கடற்கரைக்குப் போனால், அலை ஏறி நின்ற கோட்டருகே மணலில் கறுப்பும் செம்மையுமாகப் பட்டை பட்டையாகப் படிந்திருக்கும். கறுப்பு இல்மனைட் போன்ற இரும்புச் சத்துள்ள கனிமங்கள், செம்மை கார்னெட். மலைப்பாறைகள் உளுத்து உதிர்ந்து, ஆறு கொண்டுவந்து கொடுத்த கனமான துகள்கள் அவை. இலேசான வெள்ளை மணலை அலை இழுத்துப்போக, இவற்றை இழுக்க முடியாமல் விட்டுவிட்டுப் போயிருக்கிறது. ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டினால் வெள்ளையும் கறுப்பும் மாறிமாறி அடுக்கடுக்காக இருப்பது தெரியும். ஒவ்வொரு கறுப்பு அடுக்கும் கடல் எடுத்துச் சென்ற ஒரு நாள். சித்திரையில் அதே இடத்துக்கு மறுபடி போய்ப் பாருங்கள். கறுப்பின் மேல் வெள்ளை மணல் மூடியிருந்தால் போனது திரும்பியிருக்கிறது. கறுப்பு அப்படியே மேலே கிடந்தால் திரும்பவில்லை.